3 நாளில் 4 மேட்ச், ஒரே முட்டி: வளரும் பிள்ளைகளின் கால்பந்துச் சுமையை யார் கணக்கு பார்ப்பது?

மதுரைக்கு மேற்கே, சமணர் மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம் என்று நகரத்து ஆட்கள் தேடி வரும் இடம். இந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு படிக்கும் 13 வயசுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்குச் சொல்லும் பையன்தான். ஆனால், கால்பந்து ஆடும் பிள்ளை இருக்கிற பல வீடுகளுக்கு அவனுடைய வாரம் பழக்கமானதாக இருக்கும்.

வாரத்தில் மூன்று நாள் காலை 6 மணிக்கு ஸ்கூல் கிரவுண்டில் பி.டி. சாரின் பயிற்சி. சனிக்கிழமை கிளப். ஞாயிற்றுக்கிழமை பசங்களோடு காசு போட்டு டர்ஃப். குறுவட்டப் போட்டி வந்துவிட்டால் மூன்று நாளில் நாலு மேட்ச். அண்டர்-14 டீமில் ஆடி முடித்தவனை, "நல்லா ஓடுறான்ல, இவனையும் சேத்துக்குவோம்" என்று அண்டர்-17 டீமிலும் இறக்குவார்கள். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "முட்டிக்குக் கீழ வலிக்குதும்மா" என்பான். "ஆடுற பிள்ளைக்கு வலிக்காதாய்யா, எண்ணெயைத் தேய்ச்சுட்டுப் படு" என்று பதில் வரும்.

இதில் யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. பி.டி. சாருக்கு ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் பற்றித் தெரியாது. கிளப் கோச்சுக்குக் குறுவட்டப் போட்டியில் எத்தனை மேட்ச் என்று தெரியாது. அம்மாவுக்கு இரண்டும் முழுசாகத் தெரியாது. எல்லாக் கணக்கும் வந்து சேரும் ஒரே இடம் அந்தப் பையனின் உடம்பு.

விளையாட்டு மருத்துவத்தில் இதற்குப் பெயர் ‘பயிற்சிச் சுமை’. சுமைக்கும் காயத்துக்கும் என்ன தொடர்பு? வளரும் வயசில் ஏன் கூடுதல் கவனம்? எவ்வளவு ஆடினால் போதும்? பார்க்கலாம்.

பயிற்சிச் சுமை என்றால் என்ன?

எத்தனை மணி நேரம் ஆடினான் என்பது பாதிக் கணக்குதான். எவ்வளவு கஷ்டப்பட்டு ஆடினான் என்பது மீதி. ஒரு மணி நேரம் பாஸிங் பழகுவதும், ஒரு மணி நேரம் ஃபைனல் ஆடுவதும் உடம்புக்கு ஒன்றல்ல.

இதை அளக்க ஜி.பி.எஸ். ஜாக்கெட் எல்லாம் வேண்டியதில்லை. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பிரபலப்படுத்திய எளிய வழி ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? பத்துக்கு எத்தனை?" என்று பிள்ளையிடம் கேட்பது. அவன் சொல்லும் எண்ணை, ஆடிய நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைத்துவிடும். 60 நிமிடம் ஆடி ‘5’ என்றால் 300. அதே 60 நிமிட மேட்ச்சுக்கு ‘8’ என்றால் 480.

நம்ம பையனின் வழக்கமான வாரத்தைப் போட்டுப் பார்ப்போம்.

• ஸ்கூல் பயிற்சி 3 நாள், தலா 60 நிமிடம், கஷ்டம் 4: மொத்தம் 720
• சனிக்கிழமை கிளப் 60 நிமிடம், கஷ்டம் 5: 300
• ஞாயிறு டர்ஃப் 60 நிமிடம், கஷ்டம் 5: 300
• வாரச் சுமை: 1,320. நேரம்: 5 மணி.

இப்போது போட்டி வாரம்.

• மேட்ச்சுக்கு முந்தைய தீவிரப் பயிற்சி 2 நாள், தலா 60 நிமிடம், கஷ்டம் 6: 720
• மூன்று நாளில் நாலு மேட்ச், தலா 60 நிமிடம், கஷ்டம் 8: 1,920
• கிளப், டர்ஃப் வழக்கம்போல: 600
• வாரச் சுமை: 3,240. நேரம்: 8 மணி.

நேரம் மூன்று மணிதான் கூடியிருக்கிறது. சுமையோ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வீட்டில் யாரும் கவனிக்காமல் போவது இந்த வித்தியாசத்தைத்தான்.

அதிகம் ஆடுவது ஆபத்தா, திடீரென்று அதிகம் ஆடுவது ஆபத்தா?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிம் கேபட், 2016-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது. பல மாதங்களாகப் படிப்படியாக உயர்ந்த சுமை உடம்பை உறுதியாக்குகிறது. அதிகம் காயப்படுபவர்கள் சுமை திடீரென்று எகிறியவர்கள் என்பது அவர் வாதம். கடைசி ஒரு வாரச் சுமையை, கடைசி நாலு வாரச் சராசரியால் வகுத்துப் பார்க்கச் சொன்னார். 0.8 முதல் 1.3 வரை இருந்தால் பரவாயில்லை, 1.5-ஐத் தாண்டினால் உஷார் என்பது அவர் கொடுத்த அளவு. நம்ம பையனுக்குப் போட்டி வாரத்தை முந்தைய சராசரியோடு ஒப்பிட்டால் 2.4-க்கு மேல் வருகிறது.

இந்த அளவுகோலுக்குப் பலத்த எதிர்ப்பும் உண்டு. ஃபிராங்கோ இம்பெலிஸெரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020 வாக்கில், இந்த விகிதத்தின் கணக்கிலேயே கோளாறு இருக்கிறது, இதை வைத்து "இவனுக்கு அடுத்த வாரம் அடிபடும்" என்று ஜோசியம் சொல்ல முடியாது என்று விளக்கினார்கள். அது நியாயமான விமர்சனம். காயம் என்பது சுமை, தூக்கம், சாப்பாடு, தரை, பழைய அடி, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து வருவது. எனவே 1.5 என்பதை ஒரு கோடாக வைத்துக்கொண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால், ‘படிப்படியாக ஏற்று, திடீரென்று ஏற்றாதே’ என்ற அடிப்படையில் இரண்டு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டிய நிபுணர் குழுவும் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில் சுமையை வேகமாக மாற்றுவதைத்தான் முக்கிய ஆபத்தாகக் குறிப்பிட்டது. இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பரீட்சைக்காக இரண்டு மாதம் ஷூவே போடாமல் இருந்துவிட்டு, மே மாதம் சம்மர் கேம்ப்பில் காலை, மாலை என்று இரண்டு வேளை இறங்குவதும் இதே திடீர் ஏற்றம்தான். ரெஸ்ட் மட்டுமே மருந்து என்று நினைப்பதும் அரைகுறைப் புரிதல்.

பெரிய வீரர்களுக்கு இது நடந்திருக்கிறதா?

பெத்ரியின் கதை உலகத்துக்கே தெரியும். 2020-21 சீசனில் பார்சிலோனா கிளப், ஸ்பெயின் அணி, யூரோ கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் எல்லாம் சேர்த்து 73 மேட்ச் ஆடினார். அப்போது வயசு 18. யூரோ அரையிறுதியில் இத்தாலியோடு ஆடியது 2021 ஜூலை 6. ஒலிம்பிக்ஸில் எகிப்தோடு முதல் மேட்ச் ஜூலை 22. இரண்டுக்கும் நடுவே 16 நாள். அடுத்த சீசன் ஆரம்பித்ததும் தொடைத் தசைக் காயம் வந்தது, குணமாகித் திரும்பினார், மறுபடி வந்தது. அந்த சீசனின் பெரும்பகுதி வெளியே உட்கார்ந்தே போனது. பின்னால் அவர் பிரமாதமாகத் திரும்பி வந்தார். அதற்கு ஒரு பெரிய கிளப்பின் டாக்டர்கள், பிசியோக்கள், சாப்பாட்டு நிபுணர்கள் எல்லாரும் கூட இருந்தார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறையில் மைக்கேல் ஓவன். 1998 உலகக் கோப்பையில் 18 வயசில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர், அடுத்த ஆண்டு ஏப்ரலில் லீட்ஸ் அணிக்கு எதிரான மேட்ச்சில் பின்தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டார். 2001-இல் பாலோன் டி’ஓர் வாங்கினாலும், பின்தொடைக் காயம் அவரை விடவே இல்லை.

நம் நாட்டில் இதைக் கிரிக்கெட்டில் பார்த்தோம். 2018 அண்டர்-19 உலகக் கோப்பையை வென்ற அணியில் வேகத்தால் பேசப்பட்ட கமலேஷ் நாகர்கோட்டி, சிவம் மாவி இருவரும் அதன்பின் முதுகுக் காயத்தால் நீண்ட காலம் வெளியே இருந்தார்கள். நாகர்கோட்டியைக் கொல்கத்தா அணி 3.2 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தும், 2018, 2019 ஐ.பி.எல். இரண்டிலும் அவர் ஆடவில்லை.

தொழில்முறை வீரர்களுக்குக் கணக்கு பார்க்க ஆள் இருக்கிறது. உலகக் கால்பந்து வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ, யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று எண்ணி அறிக்கை வெளியிடுகிறது. போட்டிகள் அளவுக்கு மீறிப் போகின்றன என்று அதன் ஐரோப்பியப் பிரிவும் லீக்குகளும் 2024 அக்டோபரில் ஃபிஃபா மீது ஐரோப்பிய ஆணையத்தில் புகாரே கொடுத்தன. 13 வயசுப் பையனுக்குச் சங்கம் கிடையாது. அவனுக்காக நிமிடம் எண்ணுபவர் யாரும் இல்லை.

மற்ற விளையாட்டுகள் சிலவற்றில் இதற்கு விதியே உண்டு. அமெரிக்காவின் ‘லிட்டில் லீக்’ பேஸ்பாலில் 11-12 வயசுப் பிள்ளை ஒரே நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. எறிந்த எண்ணிக்கைக்கு ஏற்ப இத்தனை நாள் ஓய்வு என்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் சின்ன வயசு வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஓவர் வரம்பு உண்டு. கால்பந்தில் எண்ணுவதற்குப் பந்து வீச்சு மாதிரி ஒற்றை விஷயம் இல்லை. ஓட்டம், திருப்பம், குதிப்பு, ஷூட்டிங் என்று சுமை பல வழியில் ஏறுகிறது. அதனால்தான் எண்ணாமலே விட்டுவிடுகிறோம்.

வளரும் வயசில் என்ன தனி ஆபத்து?

பிள்ளைகளின் நீள எலும்புகளின் முனையில் ‘வளர்ச்சித் தட்டு’ என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். முழுசாக இறுகாத பகுதி என்பதால், அந்த வயசில் எலும்பு அமைப்பிலேயே பலவீனமான இடம் அது. பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயசிலும், பையன்கள் 14 வயசிலும் மளமளவென்று வளர்கிறார்கள். அந்த ஆண்டில் பையன் ஒருவன் 9-10 செ.மீ. கூட உயரலாம். எலும்பு முதலில் நீளும். தசையும் தசைநாரும் பின்னால்தான் வந்து சேரும். இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி இருக்கும் அந்தத் தசைநார், ஒவ்வொரு ஷாட்டிலும் தான் ஒட்டியிருக்கும் எலும்பு முனையைப் பிடித்து இழுக்கிறது.

அடிக்கடி வருபவை மூன்று.

• ஆஸ்குட்-ஷ்லாட்டர்: முட்டிச் சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்க மேட்டில் வலி, வீக்கம். தொட்டால் வலிக்கும், மண்டியிட்டால் இன்னும் வலிக்கும். நம்ம உதாரணப் பையனுக்கு வந்தது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம்.
• சீவர்ஸ்: குதிகால் வலி. ஓடி முடித்ததும் நொண்டுவார்கள். குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தினால் கத்துவார்கள். 8 முதல் 14 வயசுக்குள் அதிகம்.
• கீழ்முதுகு எலும்பில் நுண்விரிசல்: பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேலே வலி. வாரக்கணக்கில் போகாத முதுகுவலியை வளரும் வீரரிடம் ‘பிடிப்பு’ என்று விட்டுவிடக் கூடாது.

முதல் இரண்டும் பெரும்பாலும் வளர்ச்சி முடிந்ததும் தானே அடங்கிவிடும். பயப்பட வேண்டியதில்லை, சுமையைக் குறைத்தால் போதும். சுமையைக் குறைக்காமல் எண்ணெயும் ஸ்பிரேயுமாக ஓட்டினால், மூன்று வாரத்தில் போக வேண்டியது மூன்று மாதம் இழுக்கும்.

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெரியவர்களுக்குக் கணுக்கால் மடங்கினால் பெரும்பாலும் சுளுக்கு. பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட வளர்ச்சித் தட்டு பலவீனம் என்பதால், சுளுக்கு மாதிரித் தெரிவது வளர்ச்சித் தட்டில் விழுந்த முறிவாகவும் இருக்கலாம். வீங்கிய காலைப் பிடித்து இழுத்துச் ‘சுளுக்கு எடுக்க’ச் சொல்வதற்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. அதேபோல, 10-15 வயசில் முட்டி வலி, கூடவே நொண்டல் என்றால் இடுப்பு மூட்டையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். இடுப்பு மூட்டில் இருக்கும் கோளாறு சில நேரம் முட்டியில்தான் வலியாகத் தெரியும்.

ஒரே வயசு, வேறு வேறு உடம்பு

பள்ளிப் போட்டிகள் அண்டர்-14, அண்டர்-17, அண்டர்-19 என்று பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஆனால், 14 வயசுப் பையன்கள் இருவரை நிற்க வைத்தால் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் ஆறாம் வகுப்பு மாதிரி இருப்பான். உடம்பளவில் இருவருக்கும் இரண்டு, மூன்று வருஷ இடைவெளி. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகள் இதற்காக ‘பயோ-பேண்டிங்’ என்ற முறையைச் சோதித்துப் பார்த்தன. பிறந்த தேதிக்குப் பதில் வளர்ச்சி நிலையை வைத்து அணி பிரிப்பது.

நம் ஊரில் வயசு மோசடியைப் பிடிக்க எலும்பு வயசுப் பரிசோதனை இருக்கிறது. அதே அக்கறையைச் சின்ன உடம்புக்காரனைக் காப்பாற்றவும் காட்டலாம். அதற்கு எக்ஸ்ரே தேவையில்லை. மாதம் ஒரு தடவை வீட்டுச் சுவரில் நிற்க வைத்து பென்சில் கோடு போட்டால் போதும். மாதம் 0.6 செ.மீ.க்கு மேல் வளர்கிற பையன்களுக்குக் காயம் அதிகம் என்று நெதர்லாந்து இளம் வீரர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. கோடு வேகமாக ஏறும் மாதங்களில் ஓட்டத்தையும் ஷூட்டிங்கையும் குறைத்து, பேலன்ஸ், பந்துக் கட்டுப்பாடு, பாஸிங் என்று மாற்றிக்கொள்ளலாம்.

"நாங்கல்லாம் அந்தக் காலத்துல ஆடலையா?"

டீக்கடையிலிருந்து ஸ்டாஃப் ரூம் வரை கேட்கும் கேள்வி. ஆடினார்கள், நிறையவே ஆடினார்கள். ஆனால் ஆடிய விதம் வேறு. காலையில் கிணற்றில் நீச்சல், சாயங்காலம் கபடி, கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாயில் கிரிக்கெட், நடுவில் மரம் ஏறுவது. ஒவ்வொன்றும் உடம்பின் ஒவ்வொரு பகுதியை வேலை வாங்கியது. அலுப்பாக இருந்தால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். விசிலடித்து எழுப்ப ஆள் கிடையாது. வலிக்காமல் ஆடி முடித்தவர்கள்தான் இன்று வந்து கதை சொல்கிறார்கள் என்பதும் உண்மை. முட்டி வலியால் பாதியில் விட்டவர்களின் கதையை யாரும் கேட்பதில்லை.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. சிகாகோவில் நீரு ஜெயந்தி தலைமையில் 7 முதல் 18 வயசு வரையுள்ள சுமார் 1,200 பேரை வைத்து நடந்து, 2015-இல் வெளியான ஆய்வு இரண்டு விஷயங்களைச் சொன்னது. வாரத்தில் தன் வயசைவிட அதிக மணி நேரம் பயிற்சி எடுத்தவர்களுக்கும், கோச் நடத்தும் விளையாட்டு நேரம் தன்னிஷ்டமாக ஆடும் நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியவர்களுக்கும், ஓவர்யூஸ் காயம் அதிகமாக இருந்தது.

இதிலிருந்து வந்த கட்டைவிரல் கணக்கு: 13 வயசு என்றால் வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நல்ல கணக்குதான். ஆனால் நம்ம பையன் போட்டி வாரத்தில் ஆடியது 8 மணி நேரம். இந்தக் கணக்கில் அவன் பாஸ். இரண்டரை மடங்காக எகிறிய சுமை இதில் தெரியாது. அதனால்தான் மணியோடு கஷ்டத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது: வாரத்தில் குறைந்தது ஒரு நாள் பயிற்சியே வேண்டாம். ஒரே விளையாட்டைத் தொடர்ந்து ஆடும் பிள்ளைக்கு ஆண்டில் 2-3 மாதம் அந்த விளையாட்டிலிருந்து இடைவெளி. அதை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, மாதம் மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

வலியை ஏன் மறைக்கிறார்கள்?

இங்கேதான் நம் ஊரின் நிஜம் வருகிறது. கால்பந்து ஆடும் எல்லாருக்கும் ஐ.எஸ்.எல். கனவு இல்லை. பலருக்கு அது ஒரு சர்டிஃபிகேட். விளையாட்டு விடுதியில் இடம், பொறியியல் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசு வேலையில் 3% ஒதுக்கீடு. முதல் தலைமுறையாகக் காலேஜ் வாசலை மிதிக்கப் போகும் பிள்ளைக்கு, மாவட்டத்திலிருந்து மாநிலப் போட்டிக்குப் போகும் அந்த ஒரு மேட்ச் பெரிய கதவு.

அந்த மேட்ச்சுக்கு முந்தின நாள், "எப்படிடா இருக்கு?" என்று கேட்டால் எந்தப் பையன் "வலிக்குது சார்" என்பான்? "ஒண்ணுமில்ல சார், சும்மா லேசாத்தான்" என்றுதான் சொல்வான். சாருக்கும் நெருக்கடி உண்டு. ஒரே உடற்கல்வி ஆசிரியர்தான் கால்பந்து, கபடி, தடகளம் எல்லாவற்றுக்கும் அணி தயார் செய்கிறார். ஸ்கூல் பெயர் போர்டில் வருவது ஜெயித்தால்தான்.

அதனால் "வலித்தால் சொல்லு" என்ற அறிவுரை மட்டும் போதாது. வலியைச் சொன்னால் டீமில் இடம் போகாது என்று பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டும். "அடுத்த மேட்ச் உட்காரு, அதுக்கடுத்ததுல நீதான்" என்று ஒரு கோச் சொல்லி, சொன்னபடி இறக்கியும் காட்டினால், மறுநாளே இன்னும் இரண்டு பேர் தங்கள் வலியைச் சொல்வார்கள்.

போட்டி அட்டவணை போடுபவர்களுக்கும் இதில் பங்குண்டு. மூன்று நாளில் நாலு மேட்ச் என்பது பையன் எடுத்த முடிவு இல்லை. வெளியூர் அணிகளைத் தங்க வைக்கும் செலவு, மைதானம் கிடைக்கும் நாள் என்று காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் ஒரே நாளில் இரண்டு மேட்ச் வந்தால் ஆட்ட நேரத்தைக் குறைப்பது, மாற்று வீரர்களைத் தாராளமாக இறக்க விடுவது, ஒரே பையனை இரண்டு வயசுப் பிரிவிலும் ஒரே வாரத்தில் ஆடவிடாமல் பார்ப்பது ஆகியவை பணம் கேட்காத மாற்றங்கள்.

வெயில், சாப்பாடு, தூக்கம்

அதே சுமை, வெறும் வயிற்றோடும் பாதித் தூக்கத்தோடும் சேர்ந்தால் வேறு சுமை.

மதுரையில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதுசல்ல. வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் தொழில்முறை வீரர்களுக்கே தண்ணீர் இடைவேளை விட வேண்டும் என்கிறது ஃபிஃபா. பிள்ளைகளுக்கு 15-20 நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர், கோடையில் காலை 8 மணிக்குள் பயிற்சி முடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கி வைக்கப்பட்டது மதுரையில்தான். அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கான திட்டம். கால்பந்து சூடுபிடிப்பது ஆறாம் வகுப்புக்கு மேல். காலை 6 மணிக்கு ஒரு டீயோடு கிரவுண்டுக்கு வந்து, நேரே வகுப்புக்குப் போய், மதியம் சாப்பிடும் பிள்ளைக்கு எலும்பும் தசையும் பழுதுபார்க்கப்பட மூலப்பொருளே போய்ச் சேர்வதில்லை. ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் அவித்த சுண்டலோ முட்டையோ கடலை மிட்டாயோ கிடைத்தால் பெரிய வித்தியாசம்.

தூக்கம் இன்னும் மலிவு. 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய வளரிளம் வீரர்களுக்குக் காயம் 1.7 மடங்கு அதிகம் என்று 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. 112 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் ராத்திரி 12 மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு 5 மணிக்கு எழுந்து ஓடுவது நல்லதல்ல என்று சொல்ல இதுவே போதும்.

பெண் பிள்ளைகளுக்கு?

முட்டியின் நடுவில் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது பெண் வீரர்களிடம் ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகான பயிற்சி என்று திரும்பி வர 9 மாதமாவது ஆகும். பல வீடுகளில் அத்தோடு "போதும்மா விளையாட்டு" என்று முடித்துவிடுவார்கள்.

இந்தியாவில் 15-19 வயசுப் பெண்களில் 59% பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21). ரத்தசோகையோடு ஓடும் பிள்ளை சீக்கிரம் களைப்பாள். களைத்த கால் தப்பாக ஊன்றும். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால், ஆடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம். ‘விளையாட்டுல இருக்கா, அப்படித்தான்’ என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

20 நிமிட வார்ம்-அப்: ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்பது இலவசமாகக் கிடைக்கும் 15 பயிற்சிகள். 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் வலு, பேலன்ஸ், குதிப்பு, 2 நிமிடம் வேக ஓட்டம். கருவி எதுவும் தேவையில்லை. நார்வேயில் 13-17 வயசுப் பெண் வீரர்கள் 1,892 பேரிடம் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கும், ஓவர்யூஸ் காயங்கள் ஏறக்குறைய பாதியும் குறைந்தன. 7-13 வயசுக்கான ‘கிட்ஸ்’ வடிவம், நாலு ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வில் காயங்களை 48% குறைத்தது. மைதானத்தை இரண்டு ரவுண்டு சுற்றிவிட்டு நேரே மேட்ச் போடும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று. வாரம் இரண்டு தடவையாவது செய்தால்தான் பலன்.

ஒரு நோட்டு: தேதி, எங்கே ஆடினான், எத்தனை நிமிடம், பத்துக்கு எத்தனை கஷ்டம், எங்கே வலி. ஐந்தே கட்டம். நோட்டு பிள்ளையிடம் இருக்க வேண்டும், பி.டி. சார், கிளப் கோச், வீடு மூன்று பேரும் அதே நோட்டைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பும் ஓகே.

நோட்டு இருந்தால் என்ன மாறும்? நம்ம பையனின் போட்டி வாரத்துக்கே திரும்புவோம். தீவிரப் பயிற்சிக்குப் பதில் 45 நிமிட லேசான பயிற்சி ஒன்று (கஷ்டம் 3). கிளப், டர்ஃப் இரண்டுக்கும் லீவு. நாலு மேட்ச்சில் இரண்டில் முழு நேரம், இரண்டில் பாதி நேரம். கூட்டினால் 1,575. வழக்கமான வாரத்தைவிட 1.2 மடங்குதான். நாலு மேட்ச்சிலும் ஆடியிருக்கிறான், சர்டிஃபிகேட்டும் போகவில்லை. மாறியது, யாரோ ஒருவர் கூட்டிப் பார்த்தது மட்டும்தான்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவை:

• காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியவில்லை
• அடிபட்ட சில மணி நேரத்தில் முட்டி பலூன் மாதிரி வீங்குகிறது, அல்லது மடக்க முடியாமல் பூட்டிக்கொள்கிறது
• தூக்கத்தைக் கெடுக்கும் ராத்திரி வலி, கூடவே காய்ச்சல்
• வலியால் ஓடும் விதமே மாறுகிறது, நொண்டல் தெரிகிறது
• ஒரே எலும்பு இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வலி

இதற்குப் பெரிய ஸ்போர்ட்ஸ் கிளினிக்தான் போக வேண்டும் என்றில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போனால், "எப்போ இருந்து வலி? என்ன பண்ணப்போ?" என்ற கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.

லேசான வலிக்கு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைக்க வேண்டியதும் இல்லை. ஆடும்போது வலி பத்துக்கு இரண்டு, மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலையில் வலி கூடாமல், நொண்டாமல் இருந்தால், டாக்டர் அல்லது பிசியோவின் ஆலோசனையோடு குறைத்து ஆடலாம். திரும்பி வரும்போதும் அதே விதிதான்: முதல் வாரம் பாதி, அடுத்த வாரம் முக்கால், அப்புறம் முழுசு.

அண்டர்-14 டீமில் நன்றாக ஆடும் பையன் 17 வயசிலும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், இன்று ராத்திரியே ஒரு 40 பக்க நோட்டில் முதல் வரியை எழுதலாம். "இன்னைக்கு எவ்வளவு நேரம்யா ஆடுன? பத்துக்கு எத்தனை?"